இழுவை

மாடி வீட்டுக்காரரின் பம்பை மெக்கானிக் அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்தார். இம்பெல்லர் சக்கரத்தில் சாக்கு நூல் சிக்கியிருந்தது. சீல் தேய்ந்துபோயிருந்தது.

“மோட்டாரை நேரா தெருக் குழாயிலேயே போட்டிருக்கீங்களே சார்.”

“ஊரே அப்படித்தான் போட்டிருக்கு. நீ நல்லா இழுக்குற மாதிரி பண்ணு.”

வேலை என்று வந்துவிட்டால் தன் வீடு, பிறர் வீடு என்று பார்க்கமாட்டார் மெக்கானிக். நூலை அறுத்தெடுத்து, புது சீல் பொருத்தி ஓடவிட்டார். தொட்டியில் தண்ணீர் கொட்டியது.

“உன் கைராசியே தனிதான்ப்பா.”

பின்தெருவில் இருந்த தன் வீட்டுக்கு வந்தார். வாசல் குழாயடியில் மனைவி காலிக் குடத்தோடு நின்றாள்.

“கை கழுவக் கொஞ்சம் தண்ணி குடு.”

“ஏது தண்ணி? மாடி வீட்டு மோட்டார் கெட்டுக் கிடந்த வரைக்கும் நல்லா வந்துச்சு. எந்தப் பாவியோ இன்னிக்குச் சரி பண்ணிட்டானாம். அவன் கை வெளங்குமா?”

மெக்கானிக் கிரீஸ் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.