லண்டன் பொருட்காட்சி

“தர மாட்டேன்! நீ தலைகீழா நின்னாலும் தர மாட்டேன்!”

கட்டிலில் உட்கார்ந்தபடியே கனத்த புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டார் பரசுராமன். 1862-ல் லண்டனில் நடந்த உலகப் பொருட்காட்சியின் படக் கேட்லாக் அது. அந்தக் காலத்துப் பொருட்காட்சி கேட்லாக் என்றால் அவருக்குப் பைத்தியம்.

எதிரே நின்ற ஜெயராஜுக்கும் அதே பைத்தியம். புதுவாயலில் லேத் பட்டறை வைத்திருப்பவர். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் நேரே ஆரம்பாக்கத்தில் இருக்கும் பரசுராமன் வீட்டுக்கு வண்டியை விட்டுவிடுவார்.

“ஒரே ஒரு தபா தொட்டுப் பாக்கறேன் சார்.”

“கையைக் கழுவினியா?”

“கழுவிக்கினுதான் வந்தேன்.”

“மறுபடி கழுவு!”

ஜெயராஜ் குழாயடிக்கு ஓடினார். துண்டை நீட்டிய மருமகள் நர்மதா மெல்லச் சொன்னாள்.

“அத்தை போனதுலேர்ந்து மாமா யார்கிட்டயும் பேசறதில்லண்ணா. துக்கம் விசாரிக்க வந்தவங்களையே வாசலோட தொரத்திட்டாரு. நீங்க வந்து சண்டை போட்டுட்டுப் போனாதான் ரெண்டு வாய் சாப்புடறாரு.”

“பாவம் பாத்தா பொஸ்தகம் கைக்கு வருமாம்மா?” என்று சிரித்துவிட்டு உள்ளே பாய்ந்தார் ஜெயராஜ்.

நர்மதாவும் பின்னாலேயே வந்தாள். “ஏன் மாமா, பொருட்காட்சின்னா டெல்லி அப்பளம், ராட்டினம்லாம் இருந்துச்சா?”

“அப்பளமா! இத பாரும்மா, நீராவி இன்ஜின்! இது சிங்கக் கால் நாற்காலி! இதோ, ஊடு ஒசரத்துக்கு நீரூற்று!”

பரசுராமன் ‘புஸ் புஸ்’ என்று இன்ஜின் ஓட்டினார். ஜெயராஜ் விசில் ஊதினார். நர்மதாவுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

“குடுத்துடுங்க சார். கண்ணு மாதிரி பாத்துப்பேன்.”

“நெஜமாவே இது உனக்கு வேணுமா? சத்தியம் பண்ணு!”

“சத்தியமே பண்ணக் கூடாதுன்னு எங்க வேதத்துல எழுதியிருக்கு சார்.”

பரசுராமன் புரையேறும்வரை சிரித்தார். பிறகு புத்தகத்தைத் தடவிப் பார்த்து, சட்டென்று நீட்டினார்.

“எடுத்துக்கோ நைனா.”

ஜெயராஜுக்குத் தூக்கிவாரிப் போட்டது. “சார்?”

“ஆசையா கேக்கறவனை வெறுங்கையோட அனுப்பக் கூடாதுன்னு எங்க ஊட்டுக்காரி சொல்லிக்கினே இருப்பா. டப்பு, காசுன்னு பேசினே, கெட்ட கோவம் வரும். எடு!”

“இல்ல சார்... இன்னும் கொஞ்ச நாள் உங்ககிட்டயே இருக்கட்டுமே...”

“யோவ், இத்தினி நாள் கேட்ட வாயால வேணாங்கறியே! இன்னாய்யா ஆளு நீ?”

அவரே புத்தகத்தை ஜெயராஜின் பைக்குள் திணித்து, வாசல்வரை வந்து கையசைத்தார்.

ஜெயராஜ் தொங்கிய முகத்தோடு வீடு திரும்பினார். பைக்குள் எட்டிப் பார்த்த மனைவி கிரேஸ் பதறிப்போனாள்.

“ஐயோ, குடுத்துட்டாரா! அப்போ அடுத்த ஞாயித்துக்கிழமை இன்னா சாக்கு சொல்லிக்கினு அங்க போவீங்க?”

பெருமூச்சோடு அலமாரியைத் திறந்த ஜெயராஜ், பல வருஷமாக அங்கே இருக்கும் தன்னுடைய 1862 லண்டன் கேட்லாக்குக்குப் பக்கத்தில் அதை வைத்தார்.