வெள்ளையாய் வந்த தாள்

புது மேனேஜர் மதுவந்தி கேட்டு வரவழைத்த பிரிண்டர் அது. அவர் வந்து சேர்வதற்குள் அதை ஓடவைக்க வேண்டும். மட்டாஞ்சேரி மிளகுக் கம்பெனியில் பொன்மணியின் வேலை நிரந்தரமாவது அவர் கையில்தான் இருந்தது.

“நெட்வொர்க்ல சேத்தாச்சுக்கா. உங்க கம்ப்யூட்டர்லருந்து அனுப்புங்க” என்றான் கம்ப்யூட்டர் பார்க்கும் பையன் இசக்கிராஜா.

அனுப்பினாள். பிரிண்டர் கல் உடைப்பதுபோல் இரைந்து, ஒரு வெள்ளைத் தாளைத் தள்ளியது.

“மை இல்லையாடா?”

“மை ஊத்த இடமே காணலியே! பேப்பரைப் போட்டுக் குத்துது. நான் சாயா குடிச்சிட்டு வாறேன், நீங்க சண்டை போடுங்க.”

மறுபடி மறுபடி அனுப்பினாள். அதே வெள்ளை. எதுவும் விழாது என்ற தைரியத்தில், ‘இந்தச் சனியனையும் கேட்டு வாங்கின மகராசியையும் காயல்ல தள்ளணும்’ என்று தட்டி அனுப்பினாள். அதுவும் வெள்ளையாகவே வந்தது.

“பொன்மணி இருக்காளா? நான் மதுவந்தி.”

பொன்மணி பதறி எழுந்தாள். “மன்னிக்கணும் மேடம், ஒரு எழுத்துகூட விழல.”

மதுவந்தி கையிலிருந்த வெள்ளைக் கோலை மடித்தார். பிரிண்டரைத் தடவி, கடைசித் தாளை எடுத்து அதன்மேல் விரல்களை மெல்ல ஓட்டினார். சிரிப்பு வந்துவிட்டது.

“நன்னா விழுந்திருக்கே! காயல்ல தள்ளறதுக்கு முன்னாடி சொல்லிடு, எனக்கு நீச்சல் தெரியாது. மிஷினை ஓடவச்சுட்டே. உன்னை நான் விடறதா இல்லை.”

பொன்மணி வேலை நிரந்தரமானதையே மறந்துபோனாள். வெள்ளைத் தாளில் மேடிட்டிருந்த பிரெய்ல் புள்ளிகள்மேல் பயபக்தியோடு விரலை வைத்தாள்.

“அவ்வளவும் இதுலயா மேடம் இருக்கு?”