ஒரு வாய் டீ

"டீ கிடையாது" என்று சொல்லி, பக்கத்துக் கட்டில்காரி ஆசையாக நீட்டிய டம்ளரை அவளிடமே திருப்பிக் கொடுத்தாள் மாமியார்.

மருமகள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து வார்டுக்குள் நுழைந்த தையல்காரம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெற்ற மகளாயிற்றே. எட்டு மாச வயிறு. உதடெல்லாம் வெளுத்து, பாத்ரூம் வரைக்கும் நடந்தாலே மூச்சு வாங்குகிறது. அவளுக்கு ஒரு வாய் டீ கொடுத்தால் இந்த அம்மாளுக்கு என்ன குறைந்துவிடும்?

கேட்டிருப்பாள். ஆனால் நாளைக்கு அந்த வீட்டில் வாழப்போவது மகள்தானே என்று வாயை மூடிக்கொண்டாள். சம்பந்தி இல்லாத நேரத்தில் மட்டும் அவளுக்கு 'ஜெயிலர்' என்று பேர் வைத்து, வார்டு முழுக்கப் பரப்பியிருந்தாள்.

மகளுக்கு ரத்தம் ரொம்பக் குறைவு. ஏற்றிவிடலாம் என்றால் அதற்கும் வழியில்லை. முதல் பிரசவத்தில் ரத்தம் ஏற்றியதிலிருந்து, வேறு யார் ரத்தமும் அவள் உடம்புக்கு ஒத்துக்கொள்வதில்லை. எங்கெங்கோ கேட்டுப் பார்த்தும் பொருந்துகிற ரத்தம் கிடைக்கவில்லை. வலி எடுப்பதற்குள் மாத்திரை கொடுத்து அவள் உடம்பிலேயே ஊறவைத்தால்தான் உண்டு. பிரசவத்தில் எப்படியும் கொஞ்சம் போகும். அதைத் தாங்க வேண்டுமே.

டாக்டரம்மா முதல் நாள் இதையெல்லாம் உட்காரவைத்துச் சொன்னபோது கூட இருந்தது மாமியார்தான். தையல்காரம்மாவுக்கு அன்றைக்குப் பள்ளிக்கூடச் சீருடை அவசரம். விவரம் பாதிதான் காதுக்கு வந்தது.

மதியச் சாப்பாடு எடுத்து வர மாமியார் வீட்டுக்குக் கிளம்பினாள். அவள் தலை மறைந்ததும், தையல்காரம்மாவின் துணிப்பைக்குள் வெட்டுத்துணிகளுக்கு அடியில் இருந்த பிளாஸ்க் வெளியே வந்தது. தினமும் நடக்கிற காரியம்தான்.

"வேணாம்மா, அத்தை..." என்று மகள் இழுத்தாள். இழுக்கும்போதே கை டம்ளருக்கு நீண்டுவிட்டது.

"உங்க அத்தை கிடக்கா. அந்த மாத்திரையை வெறும் தண்ணியில எப்படி முழுங்குவே? இதோட சேர்த்து முழுங்கு."

மகள் முழுங்கினாள். பெற்றவளுக்கு வயிறு குளிர்ந்தது.

சற்று நேரத்தில் டாக்டரம்மா பரிசோதனை முடிவோடு வந்தார். அவருக்குப் பின்னாலேயே சாப்பாட்டு கேரியரோடு மாமியாரும் வந்து நின்றாள்.

"ரத்தம் இருந்த இடத்துலயே நிக்குது" என்றார் டாக்டரம்மா. "டீ குடிச்சியா?"

மகள் தலையைக் குனிந்துகொண்டாள். கண்ணீர் போர்வையில் விழுந்தது.

"மாத்திரை போடுற நேரத்துல டீ குடிச்சா அந்த இரும்புச்சத்து உடம்புல சேராதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். யார் குடுத்தது? குடுத்தவங்க பிரசவம் முடியுற வரைக்கும் இந்த வார்டுக்குள்ள காலெடுத்து வைக்கக் கூடாது."

தையல்காரம்மாவுக்கு அப்போதுதான் புரிந்தது. தன் கையாலேயே மகளுக்குக் கெடுதல் செய்துகொண்டிருந்திருக்கிறாள். சொல்லிவிட வேண்டும் என்றுதான் நினைத்தாள், ஆனால் கை துணிப்பையைத்தான் இழுத்து அணைத்துக்கொண்டது. சம்பந்தியின் பார்வை அவள் துணிப்பையில் பட்டு நின்றது.

"நான்தான் டாக்டர்" என்றாள் மாமியார். "கேட்டுக்கிட்டே இருந்தா. மனசு கேக்கல."

பக்கத்துக் கட்டில்காரி மின்விசிறியைப் பார்த்தாள்.

டாக்டரம்மா எல்லார் முன்னாலும் மாமியாரை வாங்கு வாங்கென்று வாங்கினார். விவரம் தெரிந்தும் இப்படிச் செய்யலாமா, உங்கள் பெண்ணாக இருந்தால் செய்வீர்களா என்றுகூடக் கேட்டார். இனி மாத்திரையை நம்பிப் பயனில்லை, இன்றைக்கே டிரிப்ஸில் இரும்புச்சத்து ஏற்றலாம், நாள் இருக்கிறது, தேறிவிடுவாள் என்று நர்ஸிடம் சொல்லிவிட்டு, மாமியாருக்குக் கதவைக் காட்டினார்.

தையல்காரம்மா படிக்கட்டில் ஓடிப்போய் சம்பந்தியைப் பிடித்தாள். மூச்சு வாங்கியது.

"ஏன் சம்பந்தியம்மா இப்படிப் பண்ணீங்க? நான் போய் உண்மையைச் சொல்லிடறேன்."

"சொல்லி?" மாமியார் கேரியரை அவள் கையில் திணித்தாள். "யாராவது ஒருத்தர் வெளியில போய்த்தானே ஆகணும். வலி எடுத்தா அவ அம்மான்னுதானே கத்துவா, அத்தைன்னா கத்துவா?"