உப்புமா அண்டாவின் கவலை

மலைக்கோயிலுக்கு நடந்து போகிறவர்கள் இரவுச் சாப்பாட்டுக்கு நிற்கும் இடம் அது. சாலையின் இந்தப் பக்கம் ஓர் அன்னதானப் பந்தல், எதிரே இன்னொன்று. இங்கே பெரிய அண்டா நிறைய உப்புமா. அங்கே பூரியும் கிழங்கும்.

பொழுது சாயும்போது முதல் கூட்டம் வந்தது. "வாங்க சாமி, சூடா இருக்கு" என்று கூப்பிட்டார் சமையல்காரர் பொன்னுரங்கம். வந்தவர்களோ பூரி வாசனை பிடித்து எதிர்ப்பக்கம் போய்விட்டார்கள்.

"கரண்டியக்கா, என்னை யாருமே திரும்பிப் பார்க்கலையே. ஆறிப்போனா எல்லாத்தையும் குழியில கொட்டிடுவாங்களோ?" என்றது அண்டா.

"ஆறு நாளா நடக்கிற சனங்க. வருவாங்க, சும்மா இரு" என்றது கரண்டி.

இரண்டாவது கூட்டமும் எதிரேதான் போனது. அண்டாவின் மூடி வேர்த்து வடிந்தது.

கொஞ்ச நேரத்தில் எதிர்ப்பந்தலில் மாவு தீர்ந்து, எண்ணெய்ச் சட்டியை இறக்கிவிட்டார்கள். மூன்றாவது கூட்டம் மொத்தமும் இந்தப் பக்கம் திரும்பியது. பாதத்தில் துணி சுற்றியிருந்த ஒரு பெண் முதல் வாய் சாப்பிட்டதும் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு, "இன்னும் கொஞ்சம் வைங்கண்ணே" என்று இலையை நீட்டினாள்.

கரண்டி இறங்கி இறங்கி ஏறியது. அண்டா பாதியாகிவிட்டது.

"அக்கா" என்றது அண்டா. "அந்த வளைவுல இன்னும் எத்தனை பேர் வர்றாங்க பாரு. எனக்குள்ள இருக்கிறது அத்தனை பேருக்கும் பத்துமா?"

அடுத்த இலைக்காகக் கரண்டி மறுபடியும் உள்ளே இறங்கியது.