யதுர்ஷிகாவின் சட்டங்கள்

மோட்டர் பூட்டிய சைக்கிள்களில் கொக்கிளாய்க் கடலுக்குப் போக யதுர்ஷிகா, பிரியந்தினி, றிஸ்பா என்ற மூன்று தோழிகளும் ஆசைப்பட்டு மாதக்கணக்காகிவிட்டது. புறப்படும்போதெல்லாம் யதுர்ஷிகா ஒரு சட்டத்தோடு வந்து நிற்பாள்.

"ஹெல்மெட் இல்லாமல் வரமாட்டன்."

வாங்கினார்கள்.

"நம்பர் பிளேட்? இன்சூரன்ஸ்?"

எடுத்தார்கள்.

"இருக்கிறது ரெண்டு சைக்கிள். டபிள்ஸ் போனால் பொலிஸ் பிடிக்கும்."

பிரியந்தினி மாமாவைக் கெஞ்சி மூன்றாவதையும் கொண்டுவந்தாள்.

இன்று ஒட்டுசுட்டான் சந்தியில் மோட்டர்கள் உறுமின. பிரியந்தினியின் மூக்கில் கடல் வாசமே ஏறிவிட்டது.

"ஏறடி யது! இன்னும் என்ன சட்டம் மிச்சம்?"

ஹெல்மெட்டுக்குள்ளிருந்து முனகல் வந்தது.

"எனக்குச் சைக்கிள் ஓடத் தெரியாதடி."

றிஸ்பா சிரித்த சிரிப்பில் அவளுடைய சைக்கிளே சரிந்தது. இருவரும் மோட்டர்களை நிறுத்திவிட்டு, யதுர்ஷிகாவைத் தூக்கிச் சைக்கிள் சீற்றில் இருத்தித் தள்ளினார்கள்.

"ஐயோ, விட்டிடாதேங்கோடி!"

"கொக்கிளாய் வரைக்கும் விடமாட்டம். பெடலை உழக்கடி!"