நூறு சதவீதம் மூலிகை

“என் பொண்ணு மூஞ்சியைத் திருப்பிக் குடு. அப்புறம் மத்ததைப் பேசு.”

பெண்ணின் அம்மா போட்ட சத்தத்தில், பார்லரில் முடி வெட்டிக்கொண்டிருந்த ஒருத்தி பாதித் தலையோடு எழுந்து நின்றுவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். அன்று வியாழன். சுழல் நாற்காலியில் உட்கார்ந்திருந்த மணப்பெண்ணுக்குக் கண்கள் இரண்டும் கோடாகிவிட்டன. நெற்றியும் கன்னமும் உப்பி, கண்ணாடியே அவளை அடையாளம் காண ஒரு நிமிஷம் யோசித்திருக்கும்.

பார்லர்க்காரி பதில் பேசவில்லை. அதுவே அதிசயம். புருவத்தில் ஒரு முடி கூடுதலாக எடுத்துவிட்டாய் என்று யாராவது சொன்னாலே அரைமணி நேரம் வாயாடுகிறவள், இன்று துணியில் சுற்றிய ஐஸ் கட்டியால் பெண்ணுக்கு ஒத்தடம் கொடுத்தபடி குனிந்த தலை நிமிராமல் நின்றாள்.

“நேத்து என்னத்தைடி தடவித் தொலைச்ச?”

“அவங்க குடுத்து விட்டதைத்தாங்க தலைக்குப் போட்டேன்” என்று மாப்பிள்ளையின் அம்மாவைக் கைகாட்டினாள்.

சாட்சிக்கு இருக்கட்டும் என்று சம்பந்தியம்மாவையும் கூடவே கூட்டி வந்திருந்தாள் பெண்ணின் அம்மா. அங்கேதான் தப்பு செய்தாள். அவர்கள் வீட்டுத் தொழிலே தலைச்சாயம். பெண் பார்க்க வந்த அன்றே, காபியைக் குடிக்குமுன் முன்நெற்றியில் இருந்த இரண்டு நரையைக் கண்டுபிடித்தவள் சம்பந்தியம்மா. கல்யாணப் போட்டோவில் அது தெரியக்கூடாது என்று சொந்தக் கம்பெனிப் பாக்கெட்டைக் கொடுத்தனுப்பியிருந்தாள். பாக்கெட் முழுக்கக் கொடியும் பூவுமாகப் படம்.

“முப்பது வருஷமா விக்கிறோம். எங்க சாயத்துல ஒண்ணும் கிடையாது. நூறு சதவீதம் மூலிகை.”

பார்லர்க்காரி இழுப்பறையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்து, பாக்கெட்டின் அடியில் எறும்புக்கால் அளவில் இருந்த எழுத்துகளைக் கூட்டிப் படித்தாள். “பாரா... ஃபினைலின்... டையமின்.”

“அது எந்தச் செடி?” என்று பாதித் தலைக்காரி ஆவலாகக் கேட்டாள்.

“செடி இல்லக்கா, கெமிக்கல். கருகருன்னு சீக்கிரமா பிடிக்கணும்னா இதைத்தான் சேர்ப்பாங்க. ஒத்துக்காதவங்களுக்கு இப்படித்தான் வீங்கும். அதுக்குத்தான் ரெண்டு நாள் முன்னாடியே காதுக்குப் பின்னால ஒரு சொட்டு வெச்சுப் பார்த்துட்டு...” சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்தி, ஐஸ் கட்டியை அடுத்த கன்னத்துக்கு மாற்றினாள்.

பெண்ணின் அம்மா மகளின் முடியை ஒதுக்கிப் பார்த்தாள். காதுக்குப் பின்னால் சட்டைப் பொத்தான் அளவில் ஒரு வட்டம். முகத்தைப் போலப் புதுச் சிவப்பாக இல்லை. காய்ந்து, தோல் உரிந்திருந்தது. “ஐயோ, இங்கயும் பரவிடுச்சே” என்று மூக்கைச் சிந்தினாள். “ஏண்டி, எரிஞ்சப்பவே சொல்லியிருக்கக் கூடாதா?”

“நேத்தே போன் பண்ணிச் சொன்னேனேம்மா. ‘அழகுன்னா கொஞ்சம் எரியத்தான் செய்யும், பல்லைக் கடிச்சுக்கோ’ன்னு நீதானே சொன்ன” என்றாள் பெண், வீங்கிய உதட்டோடு.

அம்மா அந்தப் பேச்சை அதோடு விட்டாள். இந்தப் பெரிய இடத்துக்காக இரண்டு வருஷமாக வந்த வரனையெல்லாம் தட்டிக் கழித்தவள் அவள். குரலை இறக்கிக்கொண்டு சம்பந்தியிடம் திரும்பினாள். “ஒரு வாரம் தள்ளி வெச்சுக்கலாங்க. வடிஞ்சிடும்.”

“தள்ளி வெச்சா ஏன்னு கேப்பாங்களே. எங்க ஏஜெண்டுங்க மட்டும் இருநூறு பேர் வர்றாங்க. என்னன்னு சொல்றது? எங்க சாயத்துல எங்க மருமகளே வீங்கிட்டான்னா?”

“அப்ப ஞாயித்துக்கிழமையே நல்லா மேக்கப் போட்டு...”

“இந்த மூஞ்சியை மேடையில நிக்க வெக்கிறதுக்கு, எங்க சாயத்தை வாங்காதீங்கன்னு நானே நோட்டீஸ் அடிச்சுடலாம்.”

சம்பந்தியம்மா முதல் காரியமாகப் பாக்கெட்டை எடுத்துத் தன் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள். அப்புறம்தான் தீர்ப்பு வந்தது. “இது சரிப்படாதுங்க. எங்க தொழிலுக்கு ஆகாத தோல்.”

அதோடு படியிறங்கிப் போய்விட்டாள். இரண்டு வருஷக் கனவு இரண்டு நிமிஷத்தில் காரேறியது.

சாயக்கார வீட்டுப் பையனுக்கு மூன்றாம் மாதமே கல்யாணம் நடந்தது. தலையில் ஒரு நரை இல்லாத பெண்ணாக, வெளிச்சத்தில் நிறுத்திப் பார்த்து எடுத்தார்களாம். நம் பெண்ணும் அதே வருஷம் கல்யாணமாகிப் புருஷனோடு வேறு ஊருக்குக் குடிபோய்விட்டாள். “நின்னுபோன கல்யாணம், யார் வருவான்னு கிடந்தேன். ஒரு கேள்வி கேக்காம கட்டிக்கிட்டாரு, தங்கமான மாப்பிள்ளை” என்று அவள் அம்மா இன்றைக்கும் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாள்.

பாவம், அவளுக்கு எங்கே தெரியும். அன்று அவள் வண்டி கூப்பிட வாசலுக்கு இறங்கியதும், நாற்காலியில் இருந்த பெண் ஐஸ் துணியை வாங்கித் தானே கன்னத்தில் ஒற்றிக்கொண்டு, பார்லர்க்காரியிடம் ரகசியமாகச் சொன்னாள்:

“ஒரு வாரத்துக்கு வீடியோ கால் வேண்டாம்னு உங்க தம்பிகிட்ட சொல்லிடுங்க, அண்ணி.”