விழுந்தவள் வைத்த வணக்கம்

பனி உறைந்த நடைபாதையில் கால் வழுக்கி அவள் மல்லாக்க விழுகிறாள். விழும்போதே தாடை நெஞ்சோடு ஒட்டிக்கொள்கிறது, உள்ளங்கைகள் தரையை ஓங்கி அறைகின்றன, உடம்பு பின்பக்கமாக உருண்டு எழுந்து நின்றுவிடுகிறது. ஒரு சிராய்ப்புகூட இல்லை. கல்யாணத்தோடு விட்டுப்போன ஜூடோ இத்தனை கடல் தாண்டி எப்படி வந்ததென்று அவளுக்கே விளங்கவில்லை. பையிலிருந்து சிதறிய வெங்காயங்கள் சாயங்கால வெளிச்சத்தில் இன்னும் உருண்டுகொண்டிருக்கின்றன. அதற்குள் அவள் கைகளைத் தொடையோடு ஒட்டி, இடுப்பு வளையக் குனிந்து நிற்கிறாள். எதிரே கணவன், பொறுக்கிய ஒற்றை வெங்காயத்தோடு திருதிருவென்று முழிக்கிறான். “யாருக்கு வணக்கம் வைக்கிற?” “ஜூடோல நம்மளக் கீழ தள்ளினவங்களுக்கு வைக்கணும்ங்க. பழக்கதோஷம்.” “இங்க உன்ன யாரு தள்ளினா?” அவள் நிமிர்ந்து தேடுகிறாள். தெரு நீளத்துக்கும் அவனைத் தவிர ஆளே இல்லை.